2.4 ஜிகாஹெர்ட்ஸா, 5 ஜிகாஹெர்ட்ஸா?

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீடு பழைய கல் கட்டடம். ஃபைபர் இணைப்பு வந்ததும், ஒரே ரூட்டர் இரண்டு வைஃபை பெயர்களைக் காட்டியது: ஒன்று 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், இன்னொன்று 5-இல். எதில் சேர்வது என்று அம்மா கேட்டார்.

2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். 5-இல் அதில் பாதிதான். அதிர்வெண் கூடினால் சுவரைத் தாண்டுவது கடினம். திண்ணை, மாடி வரை எட்டுவதில் 2.4-ஐ மிஞ்ச முடியாது. ஆனால் அதில் நெரிசல் அதிகம். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள், அதாவது சிக்னல் போகும் தனித்தனிப் பாதைகள், பொதுவாக 1, 6, 11 மூன்றுதான். தெருவில் பத்து ரூட்டர் இருந்தால் எல்லாம் அதற்குள்தான் முட்டிக்கொள்ள வேண்டும். ப்ளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே 2.4 பக்கம்தான். கிருஷ்ணகிரி டவுனில் நெருக்கமான தெருவில் இருக்கும் அக்கா வீட்டில் ராத்திரி வீடியோ கால் திணறும்; 5-க்கு மாற்றியதும் சரியானது.

5-இல் சேனல்களும் நிறைய, வேகமும் அதிகம். ரூட்டர் இருக்கும் அறையிலேயே டிவி, லேப்டாப் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

அப்புறம், இது செல்போன் 5ஜி இல்லை. அங்கே 'ஜி' என்பது தலைமுறை. இங்கே 5 என்பது அதிர்வெண்.

எங்கள் வீட்டில் கல் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அம்மாவின் போனை 2.4-இலேயே விட்டுவிட்டேன்.