ஸ்பானிங் ட்ரீ மாற்றம்: ராப்பிட் பிவிஎஸ்டியா, எம்எஸ்டியா?

குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. அலுவலகம், இலை வாட்டும் மாடி, குடோன் என்று 6 நெட்வொர்க் ஸ்விட்சுகள் வளையமாக இணைந்திருக்கின்றன. வளையத்தில் தரவு சுற்றிக்கொண்டே இருக்காமல் ஒரு பாதையை அடைத்து வைப்பதுதான் ஸ்பானிங் ட்ரீ. இங்கே எல்லாம் அதன் பழைய வகையான பிவிஎஸ்டி. மழையில் மரம் விழுந்து ஃபைபர் அறுந்தால் மாற்றுப் பாதை திறக்க 30 முதல் 50 விநாடி வரை ஆகும்.

மாற்றுப் பாதையை வேகமாகத் திறக்கும் ராப்பிட் பிவிஎஸ்டி என்றால் ஸ்விட்சுக்கு ஒரே கட்டளை. பழைய ஸ்விட்சைப் பார்க்கும் போர்ட் தானாகவே பழைய முறைக்கு இறங்கிக்கொள்ளும். அதனால் இன்று ஒன்று, நாளை ஒன்று என மாற்றலாம். மாற்றும் ஸ்விட்சில் கொஞ்ச நேரம் தொடர்பு நிற்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு விலானுக்கும் (ஒரே நெட்வொர்க்கைப் பிரித்த தனிப் பகுதி) தனி ‘மரம்’, அதாவது வளையமில்லாத பாதைக் கணக்கு, ஓடுவது அதன் சுமை.

எம்எஸ்டியும் வேகமானதுதான்; பல விலான்களை ஓரிரு மரங்களில் அடக்கிவிடும். ஐஇஇஇ என்ற சர்வதேச அமைப்பின் தரம் என்பதால் வேறு நிறுவன ஸ்விட்சுகளோடும் ஒத்துப்போகும். ஆனால் ரீஜன் (ஒரே அமைப்புள்ள ஸ்விட்சுகளின் குழு) பெயர், ரிவிஷன் எண், எந்த விலான் எந்த மரத்தில் என்ற பட்டியல், மூன்றும் எல்லா ஸ்விட்சிலும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கவேண்டும். ஓரெழுத்து பிசகினாலும் அந்த ஸ்விட்ச் தனி ரீஜன் ஆகிவிடும். அப்புறம், மரத்தின் வேராக இருக்கும் ரூட் ஸ்விட்சை முதலில் மாற்றுங்கள். சில விலான்களின் ரூட் மட்டும் பழைய பக்கம் நின்றால், இரண்டு முறைகளும் சந்திக்கும் எல்லை போர்ட் அடைபட்டுவிடும்.

இந்தத் தொழிற்சாலையில் 4 விலான்தான். நான் ராப்பிட் பிவிஎஸ்டிதான் போடுவேன், அதுவும் இலை வரத்து இல்லாத ஞாயிற்றுக்கிழமையில்.