கறிக்கடைக்கும் நண்டு கம்பெனிக்கும் எது சரி: குளோரினா, அமிலமா, கொதிநீரா?

ராமநாதபுரம் கரையோரத்தில் கறிக்கடையானாலும் கோழிக்கடையானாலும் நண்டுச் சதையை எடுத்து டப்பாவில் அடைக்கும் நண்டு கம்பெனியானாலும், கிருமி என்ற பேச்சு வந்ததும் கை போவது பிளீச்சிங் பவுடர் மூட்டைக்குத்தான். விலை குறைவு, எந்த ஊரிலும் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், பாதி இடங்களில் அதைக் கறி மேல் ஊற்றுகிறார்கள். ஊற்ற வேண்டிய கட்டையிலும் கத்தியிலும் ஊற்றுவதில்லை. கைக்கு எட்டும் வழிகள் நான்கு: குளோரின், பெர்அசிட்டிக் அமிலம், லாக்டிக் அமிலம், கொதிநீர். எது எங்கே நிற்கும், எங்கே காலை வாரும் என்று பார்க்கலாம்.

குளோரின்

முதலில் அளவு. புதிய பிளீச்சிங் பவுடரில் குளோரின் சுமார் 30 சதவீதம். 100 லிட்டர் தண்ணீரில் 33 கிராம் போட்டால் 100 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோரின். பொடியை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. ஒரு வாளியில் குழம்பாகக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேலே தெளிந்த நீரை மட்டும் எடுக்க வேண்டும். கேனில் வரும் 10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் என்றால் அதே 100 லிட்டருக்கு 100 மில்லி போதும். இரண்டுமே வெயிலுக்கும் ஈரக் காற்றுக்கும் தாங்காது. வாய் கட்டாத மூட்டை கடற்கரைக் காற்றில் சில வாரம் கிடந்தால் 33 கிராமில் எவ்வளவு குளோரின் மிச்சம் என்பதை, நனைத்தால் நிறம் மாறிக் காட்டும் சோதனைத் தாள்தான் சொல்லும். தாள் இல்லாமல் குளோரின் கலப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு உப்புப் போடுவது மாதிரி.

அடுத்தது தண்ணீர். குளோரினில் கிருமியைக் கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம் என்ற வடிவம். தண்ணீரின் பி.எச்., அதாவது அமிலமா காரமா என்று காட்டும் எண், 7.5 என்றால் பாதிதான் அந்த வடிவில் இருக்கும்; 8.5 ஆனால் பத்தில் ஒரு பங்கு. இந்தக் கரையின் போர்த் தண்ணீரில் உப்பும் காரமும் உண்டு, 8-ஐ ஒட்டி நிற்பது சாதாரணம். தாள் 100 காட்டினாலும் வேலை செய்வது அதில் ஒரு பகுதிதான். அதற்காக வினிகரோ எலுமிச்சையோ ஊற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அமிலம் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும். குளோரின் கரைக்க மட்டுமாவது காவிரிக் குடிநீரைத் தனிக் குடத்தில் ஒதுக்கி வையுங்கள்.

மூன்றாவது, ரத்தம். கோழிக்கடையின் நீலத் தொட்டியில் 50 பி.பி.எம். கலந்து தாளை நனைத்தால் நிறம் ஏறும். பத்துக் கோழியை முக்கி எடுத்தபின் இன்னொரு தாளை நனைத்துப் பாருங்கள், வெள்ளையாகவே இருக்கும். ரத்தமும் கொழுப்பும் குளோரினைத் தின்றுவிட்டன. நெடி மட்டும் போகாது. ஏனென்றால் மூக்கில் ஏறுவது பெரும்பாலும் குளோரமைன். குளோரின் செத்த பிறகு வரும் வாடை அது. அந்த நெடியை நம்பி அதே தொட்டியில் பதினோராவது கோழியை முக்கினால், முதல் கோழியின் சால்மொனெல்லா கடைசிக் கோழி வரை போய்ச் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் குளோரின் நீரில் கழுவிய கோழியை 1997 முதல் உள்ளே விடுவதில்லை. பண்ணையிலும் அறுக்குமிடத்திலும் விட்ட அழுக்கைக் கடைசிக் கழுவலில் மறைக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். நம் கடைகளுக்கும் அது பொருந்தும்.

கட்டை, மேசை, தரை என்று வந்தால் குளோரினை மிஞ்ச மலிவான வேறொன்று இல்லை. ஆனால் வரிசை தவறக் கூடாது: சுரண்டல், சோப்பு, அலசல், அதன்பின் குளோரின். மேசைக்கும் பாத்திரத்துக்கும் 100, தரைக்கு 200, பத்து நிமிடம் ஊறல், கடைசியாக நல்ல தண்ணீர். புளியமரக் கட்டையில் விரிசல் விழுந்துவிட்டால் எந்த மருந்தும் உள்ளே போகாது. மரமே குளோரினைக் குடித்துவிடும். மேற்பரப்பை இழைக்க வேண்டும், இல்லை மாற்ற வேண்டும்.

இரவில் கட்டைக்கு உப்புத் தேய்க்கும் பழக்கம் ஈரத்தை இழுக்கும், வாடையை அடக்கும். ஸ்டாஃபைலோகாக்கஸும் லிஸ்டீரியாவும் உப்பைத் தாங்கும் சாதி, அதனால் கிருமி அழிப்புக் கணக்கில் அதைச் சேர்க்க முடியாது. துறைமுக ஓரத்துக் கடல்நீரில் மீன் கூடையை அலசுவது அதைவிட மோசம். வயிற்றுப்போக்கு தரும் விப்ரியோ கிருமிக்கு உப்புநீர்தான் வீடு.

பெர்அசிட்டிக் அமிலம்

வினிகர் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்து உண்டாகும் திரவம் இது. ரத்தம் கலந்த நீரிலும் குளோரின் மாதிரி சட்டென்று சாகாது, பி.எச். 8 வரை சமாளிக்கும், கடைசியில் வினிகர் அமிலமும் தண்ணீரும் ஆக்சிஜனுமாக உடைந்துபோகும். அமெரிக்கக் கோழி ஆலைகள் பெருமளவு இதற்கு மாறியது அதனால்தான். 5 சதவீதக் கேனிலிருந்து லிட்டருக்கு 4 மில்லி எடுத்தால் 200 பி.பி.எம். குழாய்க்குள்ளும் வெட்டுப்பலகையின் கீறலுக்குள்ளும் படியும் வழவழப்பையும் அதற்குள் ஒளியும் லிஸ்டீரியாவையும் பிடிக்க குளோரினைவிட இது தேவலை.

தொல்லைகளும் உண்டு. பக்கத்துக் கடையில் கிடைக்காது, வரவழைக்க வேண்டும். பித்தளைக் குழாயையும் துத்தநாகம் பூசிய தட்டையும் அரிக்கும். கேன் மூடியில் காற்றுப் போக வழி இருக்க வேண்டும், இறுக்கி அடைத்தால் வீங்கி வெடிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடவே கூடாது. கலந்ததை அன்றைக்கே தீர்க்க வேண்டும். இதற்குச் சோதனைத் தாளும் தனி. ஒரு நாளைக்கு முப்பது கோழி அறுக்கும் கடைக்கு இது தேவையில்லாத செலவு. குழாயும் பெல்ட்டும் ஓடும் கம்பெனிக்குக் கட்டாயம் வேண்டும்.

லாக்டிக் அமிலம்

தயிரின் புளிப்பில் இருக்கும் அமிலம் இது. அறுத்த முழு மாட்டு உடலில் இதைத் தெளிக்க ஐரோப்பா 2013-இல் அனுமதித்தது: 2 முதல் 5 சதவீதம், 55 டிகிரி வரை சூடு. நன்றாகத் தெளித்தால் பத்தில் ஒன்பது கிருமி போகும். சாணி பட்ட இடத்தில் லட்சம் இருந்தால் அப்புறமும் பத்தாயிரம் மிச்சம். அந்த இடத்தைக் கத்தியால் செதுக்கி எறிவதுதான் வேலை; தண்ணீர் விட்டால் பரவும். காலையில் அறுத்து மதியத்துக்குள் விற்றுத் தீரும் ஆட்டுக்கறிக்கு இது வேண்டாம். நிறம் பழுப்பாகும், வாங்க வந்தவர் திரும்பிப் போவார். உணவுக்குழாயையும் மலக்குழாயையும் கட்டிவிட்டுக் குடல் எடுப்பதும், தோல் கிழிக்கும் கத்தியைக் கறியில் படவிடாமல் இருப்பதும் காசில்லாமல் இதைவிட அதிகம் காக்கும்.

கொதிநீர்

கத்திக்கு இதுதான் முதல் இடம். 82 டிகிரிக்குக் குறையாத நீர், இரண்டு கத்தி. ஒன்று கையில், ஒன்று பாத்திரத்தில். ஒவ்வொரு ஆட்டுக்கும் மாற்றிக்கொள்ள வேண்டும். முக்குவதற்கு முன் ரத்தத்தை அலசுங்கள், இல்லையென்றால் சூட்டில் வெந்து பிடியோரம் ஒட்டிக்கொள்ளும், அதற்கடியில் கிருமி பத்திரமாக இருக்கும். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்துவிட்டுத் திருப்திப்படுவது பல இடங்களில் நடக்கிறது. அந்த நீரால் ஒரு பயனும் இல்லை, வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். கறி மேல் சுடுநீர் விடுவது பெரிய ஆலைத் தெளிப்பானுக்குத்தான் கைகூடும். குவளையில் மொண்டு ஊற்றினால் கறியைத் தொட்டதுமே சூடு இறங்கிவிடும்.

நண்டில் கணக்கு மாறுகிறது

நீலக்கால் நண்டில் அவிப்பதோடு வேலை முடிவதில்லை. ஆபத்து அதற்குப் பிறகு. ஓடு உடைத்துச் சதை எடுக்கும்போது கையிலிருந்து ஸ்டாஃபைலோகாக்கஸ் ஏறும். அது வெப்பத்தில் நேரம் கிடைத்து நஞ்சு சுரந்துவிட்டால் மறுபடி கொதிக்க வைத்தாலும் நஞ்சு போகாது. எடுத்த சதையில் எந்த மருந்தும் தெளிக்க வழியில்லை. கைகழுவும் 20 பி.பி.எம். குளோரின் நீரை அடிக்கடி மாற்றுவதும், கிண்ணம் நிறையும்வரை காத்திராமல் சதையை ஐஸுக்கு அனுப்புவதும்தான் காவல். அந்த ஐஸையும் பார்க்க வேண்டும். உறைந்தால் கிருமி சாகாது. கெட்ட நீரில் உறையவைத்து, தரையில் இழுத்து வந்த ஐஸ் கட்டி, கிருமியைக் குளிரில் சேமித்துக் கொடுக்கும்.

டப்பா நண்டுக்கான பாஸ்டரைசேஷன் (கிருமி சாகச் சூடேற்றுவது) அளவு, நடுப்பகுதி 85 டிகிரியில் 31 நிமிடம் நின்றதற்குச் சமமான சூடு. அதன்பின் மூன்று மணி நேரத்துக்குள் 13 டிகிரிக்குக் கீழே இறக்கி, 3 டிகிரிக்குள் வைக்க வேண்டும். கொடிய நஞ்சு சுரக்கும் போட்டுலிசம் கிருமியில் குளிரிலும் வளரும் வகையின் வித்துக்களை இந்தச் சூடு அழிக்கும். இன்னொரு வகை வித்து பிழைக்கும், அதைக் குளிர்தான் அடக்கிவைக்கும். சூடான டப்பா குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, மூடி விளிம்பு வழியே வெளிநீரைத் துளியளவு உறிஞ்சும். ஆகவே அந்தக் குளிர்நீரில் குளோரின் இருந்தே ஆக வேண்டும். குளிர்விப்பு முடியும் வரை தாளில் நிறம் தெரியும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை முடிந்து கம்பெனி திறக்கும் நாளில் குளோரினை மட்டும் நம்ப வேண்டாம். தேங்கிய குழாயிலும் ஹோஸிலும் இரண்டு மாத வழவழப்பு படிந்திருக்கும். கார சோப்பை ஓடவிட்டு, அலசி, பெர்அசிட்டிக் 200 பி.பி.எம். நிரப்பி அரைமணி நேரம் நிறுத்தி, திறந்துவிட்டு, நல்ல தண்ணீரில் மறுபடி அலசியபின் முதல் கூடை நண்டை இறக்குங்கள்.