டீம்ஸ்: மென்பொருள் சரி, மேலாளர் எப்படி?

கூட்டம் நடத்த, கோப்பு பகிர, சாட் செய்ய மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் தாராளமாகப் போதும். ஆனால் மேலாளர் இதை வைத்துக் குழுவை நடத்தும்போது ஊழியருக்கு வேலை பிடிக்கிறதா, கசக்கிறதா? அதை முடிவு செய்வது மேலாளர் தொடும் நாலைந்து செட்டிங்குகள்தான்.

பெரிய தொல்லை, ஆள் இருக்கிறாரா என்று காட்ட பெயரோடு ஒட்டியிருக்கும் புள்ளி. கணினியில் 5 நிமிடம் கை படாவிட்டால் பச்சை மஞ்சளாகிவிடும். அச்சுத்தாளில் கணக்கைச் சரிபார்ப்பவரும் வாடிக்கையாளரிடம் ஃபோனில் பேசுபவரும் சீட்டில் இல்லாதவர் போலவே தெரிவார்கள். மேலாளர் அதைப் பார்த்து ‘எங்கே போனீங்க?’ என்று கேட்க ஆரம்பித்தால், குழு மவுஸை ஆட்டக் கற்றுக்கொள்ளும். வேலை கிடந்த இடத்திலேயே கிடக்கும். புள்ளி வருகைப் பதிவேடு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, முடிந்த வேலையை பிளானரில் (மைக்ரோசாஃப்டின் வேலைப் பட்டியல் செயலி) பாருங்கள்.

மைக்ரோசாஃப்டே இங்கே சறுக்கியது. யார் எத்தனை நாள் சாட், மின்னஞ்சல் பயன்படுத்தினார் என்று 2020-ல் அதன் ‘ப்ரொடக்டிவிட்டி ஸ்கோர்’ என்ற அறிக்கை ஊழியர் பெயரோடு காட்டியது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிசம்பரிலேயே ஊழியர் பெயர்களை நீக்குவதாக அறிவித்தார்கள்.

மேலாளர் இரவில் எழுதும் செய்தி ஊழியரைத் தொல்லை செய்யாமலிருக்க வழி இருக்கிறது: அனுப்பும் பொத்தானை வலது கிளிக் செய்து, மறுநாள் காலை 9 மணிக்கு நேரம் குறிக்கலாம். இதை மேலாளர் செய்வதே முறை. குறித்த நேரத்தில் அறிவிப்புகளை அடக்கும் ‘குவைட் டைம்’ மொபைலில் மட்டும்தான் வேலை செய்யும். தவிர, பெரும்பாலும் அதை ஊழியரே போட்டுக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேர்ந்தவருக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வரும்?

குழு முழுவதையும் மணியடித்து எழுப்பும் ‘@டீம்’ வசதியை உறுப்பினர்களிடமிருந்து எடுத்துவிடலாம். ‘மேனேஜ் டீம்’ போய், செட்டிங்ஸில் மென்ஷன்ஸ் பகுதியில் டிக்கை எடுத்தால் போதும். டீம்ஸில் அனுப்பும் பாராட்டு பேட்ஜ்கள் பரவாயில்லை. என்ன வேலைக்கு என்று ஒரு வரி எழுதாமல் அனுப்பினால் பொங்கல் வாழ்த்து ஃபார்வர்டு மாதிரிதான்.

அடுத்தடுத்த கூட்டங்களுக்கு மருந்து டீம்ஸில் இல்லை, மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல், காலண்டர் செயலியான அவுட்லுக்கில் இருக்கிறது. காலண்டர் அமைப்பில் கூட்டத்தைச் சுருக்கும் வசதியைப் போட்டால், ஒரு மணி நேரத்துக்குக் குறைவானவற்றுக்கு 5 நிமிடமும் மற்றவற்றுக்கு 10 நிமிடமும் முன்னதாக முடியும்படி அழைப்பு போகும். ஐடி நிர்வாகி இதை நிறுவனம் முழுக்கவும் போட்டுவிடலாம். ஆனால் நேரம் முடிந்ததும் கூட்டம் தானாக நின்றுவிடாது. பேசிக்கொண்டிருக்கும் மேலாளர்தான் நிறுத்த வேண்டும்.