சிபேம் வந்தாச்சு: டிஃபால்ட் மதிப்பு போதுமா, சொந்தக் கணக்கு போடணுமா?

அம்பத்தூர் எஸ்டேட்ல போல்ட், நட் பண்ற சின்ன யூனிட் எங்களுது. சேல்ஸ்ல ஒரு பங்கு ஜெர்மனிக்குப் போகுது. ஐரோப்பிய யூனியனோட கார்பன் எல்லை வரி, அதான் எல்லாரும் சிபேம்னு சொல்றது, ஸ்டீல் ஷீட், பைப்போட நிக்கல, 7318-ங்கிற கஸ்டம்ஸ் கோடுல வர போல்ட், நட், ஸ்க்ரூ எல்லாத்தையும் சேர்த்துதான் பிடிச்சிருக்கு. 2023 அக்டோபர் 1லேருந்து 2025 டிசம்பர் வரைக்கும் வெறும் ரிப்போர்ட் மட்டும்தான், 2026 ஜனவரி 1லேருந்து நிஜக் காசு. இதுல நம்ம மாதிரி ஆளுங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, அவங்களே வச்சிருக்கிற டிஃபால்ட் மதிப்பை இம்போர்ட்டர் போட்டுக்கட்டும்னு விட்டுடறது. இன்னொண்ணு, நம்ம சரக்கோட நிஜமான எமிஷனை, அதாவது அதைப் பண்ணும்போது வெளியேறுற கார்பனை, நாமளே கணக்குப் போட்டு, வெளி ஆளை (வெரிஃபையர்) வச்சு சரிபார்த்து அனுப்பறது. நாங்க ரெண்டாவதுக்குப் போனோம், அது சரின்னுதான் நினைக்கிறேன், அதனால இந்த அலசல் அந்தப் பக்கம் சாயும், இப்பவே சொல்லிடறேன்.

மூணாவதா ஒரு வழி சொல்லுவாங்க, "யூரோப்பே வேணாம், கல்ஃப், லோக்கல்னு திருப்பிடலாம்"னு. யூரோப் சேல்ஸ் ரொம்பக் கம்மியா இருந்தா செய்யலாம். ஆனா 2027 ஜனவரிலேருந்து பிரிட்டனும் இதே மாதிரி ஒண்ணு கொண்டு வருது, அதுலயும் இரும்பு, ஸ்டீல் இருக்கு. ஓடிட்டே இருக்க முடியாது. அந்தப் பேச்சை இதோட விடறேன்.

எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்தை வேகமா முடிச்சிடலாம். சட்டப்படி கட்ட வேண்டியவர் இம்போர்ட்டர்தான், நாம இல்ல. எமிஷனுக்கு ஈடா சிபேம் சர்டிபிகேட் வாங்கறது, வருஷ டிக்ளரேஷன் போடறது, குறைச்சா டன்னுக்கு 100 யூரோ அபராதம், எல்லாம் அவர் தலைல. 2026 சரக்குக்கான சர்டிபிகேட் விற்பனை 2027 பிப்ரவரிலதான் ஆரம்பிக்குது, டிக்ளரேஷன் 2027 செப்டம்பர் 30க்குள்ள. சிபேம் சட்டத்தோட 2025 திருத்தத்துக்கு அப்புறம், வருஷத்துக்கு மொத்தமா 50 டன்னுக்குள்ள சிபேம் சரக்கு இறக்குற இம்போர்ட்டருக்கு இது எதுவுமே கிடையாது. அதனால முதல் வேலையா உங்க வாடிக்கையாளர்கிட்ட "நீங்க 50 டன்னுக்கு மேலயா"ன்னு கேட்டுடுங்க. நம்மகிட்ட வாங்கறது மட்டும் இல்ல, எல்லா சப்ளையர்கிட்டயும் வாங்கறது கூட்டி 50. இல்லைன்னு பதில் வந்தா இந்தக் கட்டுரை இப்போதைக்கு உங்களுக்குத் தேவையில்ல.

சட்டத்துல இம்போர்ட்டர் தலைலன்னு இருந்தாலும் பர்ச்சேஸ் ஆர்டர்ல அது நம்ம பக்கம் வந்துடும், இதை நல்லாப் பாருங்க. எங்களுக்கு வந்த புது ஆர்டர் டெர்ம்ஸ்ல ஒரு வரி சேர்ந்திருந்துச்சு: சப்ளையர் எமிஷன் டேட்டா தரலைன்னாலோ தப்பாத் தந்தாலோ அதனால வர கூடுதல் செலவை சப்ளையர் ஏத்துக்கணும்னு. பேமென்ட் டெர்ம்ஸுக்கும் பேக்கிங்குக்கும் நடுவுல, சின்ன எழுத்துல. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி "டேட்டா தரலைன்னா"ங்கிறதுக்கு ஒரு உச்சவரம்பு கேட்டு வாங்கினோம். அவங்களும் பெருசா மறுக்கல.

இப்ப டிஃபால்ட் பக்கம். வேலை கம்மி, இதுதான் அதோட ஒரே நல்லது, ஆனா அது சின்ன நல்லது இல்ல. நாலு பேர் ஆபீஸ்ல இருக்கற யூனிட்டுக்கு எமிஷன் கணக்குக்குன்னு தனியா ஆள் போட முடியாது. வெரிஃபையர் ஃபீஸ் கிடையாது, ஆடிட் கிடையாது. ஆனா அந்த மதிப்பு ஒவ்வொரு நாட்டோட சராசரியைப் பாத்து வச்சது, அதுக்கு மேல ஒரு மார்க்கப்பும் ஏத்தறாங்க, 2026-ல 10 சதவீதம், 2027-ல 20, 2028லேருந்து 30. சராசரின்னு சொல்லும்போது யாரோட சேர்ந்து சராசரி ஆகறோம்னு பாக்கணும். இந்தியாவுல ஒரு டன் க்ரூட் ஸ்டீலுக்கு சுமாரா 2.5 டன் கார்பன் டை ஆக்சைடு, உலக சராசரி 2-க்குக் கீழ. நிலக்கரி போட்டு ஓட்டற ஸ்பாஞ்ச் அயர்ன் (தாதுவை உருக்காமலே இரும்பாக்கறது) ஆலைங்க நிறைய இருக்கறது இதுக்கு ஒரு பெரிய காரணம். நீங்க நல்ல ராட் (போல்ட்டுக்கு மூலப்பொருளான ஸ்டீல் கம்பி) வாங்கி போல்ட் பண்ணாலும் டிஃபால்ட் போட்டா அந்த ஆலைங்களோட புகையையும் சேர்த்து நீங்கதான் சுமக்கறீங்க.

"2026-ல வெறும் 2.5 சதவீதம்தானே கட்டணும், 2034-லதானே முழுசு"ன்னு நிறைய பேர் சொல்றாங்க. அது அப்படி இல்லைங்க. அவங்க நாட்டு ஆலைக்குக் கிடைக்கிற இலவச எமிஷன் ஒதுக்கீட்டுக்குச் சமமா ஒரு பெஞ்ச்மார்க் (டன்னுக்கு இவ்வளவு எமிஷன்னு வச்ச அளவுகோல்) வரைக்கும் நமக்கும் கழிவு தராங்க, அந்தக் கழிவுலதான் 2026-ல 2.5 சதவீதம் குறையுது, 2027-ல 5, 2028-ல 10, 2030-ல 48.5. பெஞ்ச்மார்க்குக்கு மேல இருக்கற எமிஷனுக்கு முதல் வருஷத்துலேருந்தே முழுக் காசு. ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன், புரியறதுக்காக நானா வச்ச நம்பர், உண்மையான மதிப்பு இல்ல. ஒரு டன் போல்ட்டுக்கு பெஞ்ச்மார்க் 1.4 டன் கார்பன், நம்ம நிஜ எமிஷன் 2.4, டிஃபால்ட் 3.0, கார்பன் விலை டன்னுக்கு 75 யூரோன்னு வச்சுக்குங்க. 2026-ல சொந்தக் கணக்குல ஒரு டன் போல்ட்டுக்கு சுமார் 78 யூரோ, டிஃபால்ட்ல மார்க்கப்போட 145 யூரோ. 2028-ல சொந்தக் கணக்கு 86-கிட்ட, டிஃபால்ட் 198. நம்பர் மாறும், ஆனா மார்க்கப் ஏற ஏற, 2028 வரைக்கும் ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி அகலமாகும், அது மாறாது. டன்னுக்கு 100 யூரோ வித்தியாசம்னா ஃபாஸ்னர் தொழில்ல அது நம்ம மார்ஜினையே தாண்டிடும்.

சரி, சொந்தக் கணக்குன்னா என்ன? எல்லாரும் முதல்ல மேல சோலார் போடலாமா, காத்தாலைல ஷேர் எடுக்கலாமான்னு கேக்கறாங்க. இரும்பு, ஸ்டீலுக்கு சிபேம்ல நேரடி எமிஷன் மட்டும்தான் கணக்கு. மின்சாரத்தால வர எமிஷன் சிமென்ட்டுக்கும் உரத்துக்கும்தான் சேருது, நமக்கு இப்போதைக்கு இல்ல. அதனால கூரை முழுக்க பேனல் போட்டாலும் சிபேம் பில்லுல ஒரு யூரோ கூட குறையாது. கரண்ட் பில் குறையும், பெரிய கம்பெனிங்க செபிக்குக் குடுக்கற பிஆர்எஸ்ஆர்ங்கிற சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு ரிப்போர்ட்டுக்காக கேக்கற சப்ளையர் படிவத்துல அழகா இருக்கும், அதுக்காகப் போடுங்க, தப்பே இல்ல. சிபேமுக்காகப் போடாதீங்க.

அப்ப எமிஷன் எங்க இருக்கு? ராட்ல. நம்ம கடைக்குள்ள நடக்கற ஹெட்டிங் (தலை அடிக்கறது), த்ரெட் ரோலிங் (மரை போடறது) எல்லாம் கரண்ட்ல ஓடுது. ஹீட் ட்ரீட்மென்ட் ஃபர்னஸ்ல எரியற கேஸ்தான் நம்ம நேரடிப் பங்கு, அது ராட்டோட ஒப்பிட்டா சில்லறை. 2025 திருத்தத்துல பல ஸ்டீல், அலுமினியப் பொருளுக்கு இந்த ஃபினிஷிங் வேலையோட எமிஷனையே கணக்குலேருந்து எடுத்துடற வழியும் கொண்டு வந்துட்டாங்க. உங்க பொருளுக்கு அது எப்படிப் பொருந்துதுன்னு வெரிஃபையர்கிட்டயே கேட்டுக்குங்க. எப்படிப் பாத்தாலும் பாரம் முழுக்க மில்லுலேருந்து வர ராட் சுருள்ல, அதான் காயில்னு சொல்றது, அதுலதான் இருக்கு.

அதனாலதான் இந்த ரெண்டு வழிக்கும் நடுவுல முடிவு பண்ற விஷயம் ஒண்ணே ஒண்ணுன்னு சொல்றேன்: உங்க ராட் மில் அவங்களோட எமிஷன் நம்பரைத் தருமா, வெரிஃபை பண்ணித் தருமா, வருஷா வருஷம் தருமா. மில் தரலைன்னா ராட்டுக்கு டிஃபால்ட்தான் போடணும், அப்புறம் நீங்க என்னதான் சொந்தக் கணக்குன்னு உக்காந்து போட்டாலும் முக்கால்வாசிக்கு மேல டிஃபால்ட்தான் இருக்கும், வெரிஃபையர் ஃபீஸ் மட்டும் தண்டம். எங்க பழைய சப்ளையர் ஒருத்தர்கிட்ட கேட்டப்ப "சார், அதெல்லாம் கார்ப்பரேட் ஆபீஸ்ல பாத்துப்பாங்க, நான் கேட்டுச் சொல்றேன்"னாரு, அதோட சரி, மெயிலுக்குப் பதிலே இல்ல. இன்னொரு மில் கொஞ்சம் விலை கூட, ஆனா எமிஷன் டேட்டா கேட்ட உடனே அதுக்குன்னே ஒரு ஆளை லைன்ல குடுத்தாங்க. ஜெர்மனி ஆர்டருக்கான ராட் முழுக்க இப்ப அங்கதான் வாங்கறோம். கிலோவுக்குக் கூடக் குடுக்கற காசு, சிபேம்ல மிச்சமாகறதை விடக் கம்மின்னுதான் எங்க கணக்கு சொல்லுது.

மில்லைத் தேர்ந்தெடுக்கும்போது ரூட்டையும், அதாவது ஸ்டீலை எந்த வழியில பண்றாங்கன்னும் கேளுங்க. பிளாஸ்ட் ஃபர்னஸா, ஸ்க்ராப் போட்டு எலக்ட்ரிக் ஃபர்னஸா, ஸ்பாஞ்ச் அயர்ன் போட்டு இண்டக்‌ஷனா. ஸ்க்ராப்புக்கு சிபேம்ல எமிஷன் பூஜ்யம், கரண்டும் கணக்குல வராது, அதனால ஸ்க்ராப் ரூட் ரொம்பக் கீழ வரும், ஆனா அந்த ரூட்டுக்குப் பெஞ்ச்மார்க்கும் கீழ, கழிவும் கம்மி, அதைச் சேர்த்துப் பாக்கணும். "எலக்ட்ரிக் ஃபர்னஸ் ஸ்டீல்தான் சார், க்ரீன்"னு சொல்லிட்டு உள்ள பாதி ஸ்பாஞ்ச் அயர்ன் போட்டிருந்தா அது பிளாஸ்ட் ஃபர்னஸை விட மோசமாக் கூட இருக்கலாம். இன்னொண்ணு, நம்ம ஸ்டீல் அமைச்சகம் 2024 டிசம்பர்ல க்ரீன் ஸ்டீலுக்கு ஸ்டார் ரேட்டிங் கொண்டு வந்துச்சு, ஒரு டன் ஸ்டீலுக்கு 2.2 டன் கார்பன் டை ஆக்சைடுக்குக் கீழ இருந்தா க்ரீன், 1.6-க்கும் கீழ போனா அஞ்சு ஸ்டார். நல்ல விஷயம்தான், ஆனா அதுல மின்சாரமும் சேருது, அந்த நம்பரை அப்படியே சிபேம் படிவத்துல எழுத முடியாது. மில்காரர் ஸ்டார் சர்டிபிகேட்டை நீட்டினா நன்றி சொல்லி வாங்கிட்டு சிபேம் நம்பரைத் தனியாக் கேளுங்க.

அடுத்தது பராமரிப்பு, தினசரி வேலை. இதுதான் எல்லாரும் பயப்படறது, ஆனா போல்ட் கடைக்காரங்களுக்கு இதுல பாதி வேலை ஏற்கெனவே முடிஞ்சிருக்கு. யூரோப்புக்கு அனுப்பற சரக்குக்கு 3.1 டெஸ்ட் சர்டிபிகேட் (சரக்கோட தரத்துக்கான சான்று) குடுக்கறோம் இல்ல, அதுக்காக ஒவ்வொரு காயில்லயும் தொங்கற டேக்ல இருக்கற ஹீட் நம்பரை (எந்த உருக்குல வந்த ஸ்டீல்னு சொல்ற எண்) லாட் கார்டுல எழுதி, அந்தக் கார்டு ஹெட்டிங்லேருந்து பேக்கிங் வரைக்கும் தொட்டியோடயே போகுது. அதே ஹீட் நம்பர் பக்கத்துல இன்னும் ரெண்டு காலம் சேர்த்தோம், எந்த மில், எந்த வருஷ எமிஷன் மதிப்பு. அவ்வளவுதான். ஐரோப்பிய கமிஷன் விட்ட எக்ஸல்ல வாங்கின மூலப்பொருளுக்குன்னு ஒரு ஷீட் இருக்கு, அதை நிரப்பறதுக்கு வேண்டியதுல பெரும்பங்கு இந்த லாட் கார்டுலேருந்தே வந்துடுது. கஷ்டம் எங்கன்னா ரெண்டு மில் ராட்டும் ஒரே ரேக்ல கலந்து கிடக்கற இடத்துல. மஞ்ச பெயின்ட் அடிச்சுத் தனியா ஒரு ரேக் ஒதுக்கினோம், ஸ்டோர்ஸ் பையன் முதல் மாசம் முணுமுணுத்தான், இப்ப அவனே யாராவது மாத்தி வச்சா சத்தம் போடறான்.

இன்னொரு நல்லது, கணக்குப் போட ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் வேஸ்ட் மேல கண்ணு போச்சு. ஒரு டன் போல்ட்டுக்கு 1,080 கிலோ ராட் போனா அந்த 1,080-ஓட எமிஷனும் போல்ட் தலைலதான் விழும், ஸ்க்ராப்புக்குப் பங்கு பிரிக்க விடமாட்டாங்க. வெட்டு முனை, செட்டிங் பீஸ், ட்ரிம்மிங் ஸ்க்ராப் இதுல குறையற ஒவ்வொரு கிலோவும் ராட் காசும் மிச்சம், சிபேமும் மிச்சம். சோலார் தராத மிச்சத்தை இது தருது.

வெரிஃபையர் விஷயத்துல எனக்கு அனுபவம் கம்மி, அதனால அடக்கியே சொல்றேன். ஐரோப்பிய நாட்டு அக்ரிடிட்டேஷன் அமைப்பு அங்கீகரிச்சவங்கதான் வெரிஃபை பண்ண முடியும், முதல் தடவை நேர்லயும் வரணும். கொட்டேஷன் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி தராங்க, அதுல எது நியாயம்னு சொல்ற அளவுக்கு நான் இன்னும் பாக்கல. ஒரே எஸ்டேட்ல இருக்கற ரெண்டு மூணு யூனிட் சேர்ந்து ஒரே பயணத்துல வரவச்சா செலவைப் பிரிச்சுக்கலாம்னு பேசிட்டிருக்கோம். பதிவேடுகளை வெரிஃபை பண்ண நாளுக்கு அப்புறம் நாலு வருஷம் வச்சிருக்கணும். சிபேம் ரெஜிஸ்ட்ரியில நம்ம யூனிட்டையே பதிவு பண்ணிக்கிட்டா, ஒரு தடவை வெரிஃபை பண்ண டேட்டாவை எல்லா ஐரோப்பிய வாடிக்கையாளருக்கும் காட்டலாம், ஒவ்வொருத்தருக்கும் தனி எக்ஸல் வேண்டாம். புது வாடிக்கையாளர் தேடறவங்களுக்கு அது பெரிய வாய்ப்பு, விசாரணைக் கடிதத்துல இப்பெல்லாம் விலைக்கு அடுத்த வரியிலேயே எமிஷன் டேட்டா இருக்கான்னு கேக்கறாங்க.

நம்ம ஊர்ல கட்டற கார்பன் விலையை சிபேம்ல கழிச்சுக்கலாம்னு அவங்க சட்டத்துலயே இருக்கு. 2022 எரிசக்தி சேமிப்புத் திருத்தச் சட்டத்துக்கு அப்புறம் 2023 ஜூன்ல கார்பன் கிரெடிட் டிரேடிங் திட்டம் நோட்டிஃபை ஆச்சு, ஆனா அது பெரிய ஆலைகளுக்கு, நம்மள மாதிரி யூனிட்டுக்கு இல்ல. மில் உண்மையிலேயே காசு கட்டி அதுக்கு ஆதாரம் தந்தா கழிக்கலாம். அது எந்த அளவுக்கு வரும்னு இப்பவே நம்பி விலை கொட் பண்ணாதீங்க.

அப்ப யாருக்கு டிஃபால்ட்? யூரோப்புக்கு வருஷத்துக்கு நாலஞ்சு பேலட்தான் போகுது, ராட்டை டீலர்கிட்ட கலந்து வாங்கறீங்க, எந்த மில்னே தெரியாது, அப்படின்னா இந்த வருஷம் டிஃபால்ட்லேயே இருங்க, விலையில அதைச் சொல்லிப் பேசிக்குங்க. ஆனா 2027 மார்க்கப் ஏறதுக்குள்ள ஒரு மில்லோட நேரடியாப் பேச ஆரம்பிச்சுடுங்க. அந்த மில்லுக்கு அனுப்பற முதல் மெயில்ல மூணே கேள்வி போதும்: இந்த கிரேடு ராட்டுக்கு சிபேம் முறைப்படி டன்னுக்கு எவ்வளவு நேரடி எமிஷன், யார் வெரிஃபை பண்ணாங்க, அடுத்த வருஷ நம்பர் எந்த மாசம் வரும். மூணாவது கேள்விக்கு மாசத்தைச் சொல்லி பதில் எழுதற மில்லோடதான் நாங்க இப்ப வருஷ ஒப்பந்தம் போடறோம்.