மெல்லப் போகும்போது மட்டும் வரும் சத்தம்: பிக்கப் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

குமரி மாவட்டத்தில் பிக்கப் ஓட்டிப் பிழைப்பவர்கள், வண்டியில் சத்தம் கேட்கிறது என்று பணிமனைக்குப் போனால், ஓட்டிப் பார்க்காமலேயே பாகங்களின் பட்டியலை எழுதத் தொடங்குபவரிடம் சாவியைக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். மார்த்தாண்டத்துக்கு அருகே உள்ள பெரிய பணிமனை ஒன்று என்னிடம் 23,000 ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டு, இல்லாத பழுதுகளுக்கெல்லாம் புதுச் சாமான் போட்டுவிட்டு, இருந்த பழுதைத் தொடாமலேயே வண்டியைத் திருப்பி அனுப்பியது.

குளச்சல், தேங்காய்ப்பட்டணம் துறைகளிலிருந்து சந்தைகளுக்கு மீன் ஏற்றிச் செல்லும் வண்டி என்னுடையது. முதல் கியரில் நகர்த்தும்போது அடியில் 'டக்' என்று ஓர் அடி கேட்கும். அதன்பின் நடை வேகத்திலிருந்து 20 கிலோமீட்டர் வேகம் வரை 'கிரீச் கிரீச்' என்று சீரான இடைவெளியில் சத்தம் வரும். வேகம் கூடினால் மற்ற இரைச்சலில் அது அமுங்கிவிடும். கிளட்சை மிதித்து உருளவிட்டாலும் சத்தம் நிற்கவில்லை என்பதால் என்ஜினில் கோளாறு இல்லை. பிரேக்கை லேசாக மிதித்தாலும், வளைவில் இடமோ வலமோ திருப்பினாலும் மாறவில்லை. இவை அனைத்தையும் பணிமனையின் மேற்பார்வையாளரிடம் தெளிவாகச் சொன்னேன். அவர் ஒரு வரிகூடக் குறித்துக்கொள்ளவில்லை.

முதலில் பின்சக்கர பேரிங்குகள் போய்விட்டன என்றார்கள், மாற்றினார்கள். சத்தம் அப்படியே இருந்தது. அடுத்து ஷாக் அப்சார்பர் நான்கையும் மாற்றினார்கள், அப்போதும் இருந்தது. தேய்ந்த வீல் பேரிங் வேகம் கூடக்கூட உறுமும், வளைவில் பாரம் ஒரு பக்கம் சாயும்போது அந்த ஒலி மாறும். ஷாக் அப்சார்பர் மேடுபள்ளத்தில்தான் அடிக்கும், சமமான தார்ச்சாலையில் அன்று. நான் சொன்ன அறிகுறிகளில் இரண்டுமே இல்லை என்பது அந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாமல் போகாது. கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டபோது, பழைய இரும்புக்காரர் எடுத்துப் போய்விட்டார் என்றார்கள். ஷாக் அப்சார்பருக்குப் பில் தரவில்லை, வெள்ளைத் தாளில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்கள். கடைசியாக, கிரவுன் பினியனை, அதாவது பின் அச்சுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடியை, மாற்ற வேண்டும், மேலும் 40,000 ரூபாய் ஆகும் என்றபோது வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு கருங்கல் பக்கம் சிறிய பட்டறை வைத்திருக்கும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "எங்க வச்சு சத்தம் கேக்குது மக்கா, நீ ஓட்டு, நான் கேக்கேன்" என்பதுதான். பின்சக்கர டயரில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு, நான் வண்டியை மெல்ல நகர்த்த, அவர் பக்கவாட்டில் நடந்துகொண்டே எண்ணினார். சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்குள் சத்தம் ஏறத்தாழ நான்கு முறை வந்தது. சத்தம் சக்கரத்திலிருந்தோ பிரேக்கிலிருந்தோ வந்தால் ஒரு சுற்றுக்கு ஒரு முறைதான் பெரும்பாலும் கேட்கும் என்றும், இவ்வகை வண்டிகளில் சக்கரம் ஒரு முறை சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட் நான்கு முறை அளவில் சுற்றுவதால் பழுது ஷாஃப்டில்தான் இருக்க வேண்டும் என்றும் அவர் விளக்கியபோது, பெரிய பணிமனையில் ஒருவர்கூட இந்தச் சிறு சோதனையைச் செய்ய முன்வரவில்லையே என்று மனம் கொதித்தது.

சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, குழியில் இறங்கி ஷாஃப்டைக் கையால் முறுக்கிக் காட்டினார். ஷாஃப்டைப் பின் அச்சோடு இணைக்கும் சிலுவை வடிவ இணைப்பான பின்பக்கக் கிராஸில் ஆட்டம் இருந்தது, அதன் மூடிகளைச் சுற்றிச் செங்கல் பொடி போலத் துரு படிந்திருந்தது. கழற்றியபோது உள்ளே ஊசி ரோலர்கள் கிரீஸ் இன்றி வறண்டு கிடந்தன. ஷாஃப்ட் பழைய நிலையிலேயே திரும்ப உட்கார வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வு வரும் என்று சொல்லி, கழற்றுவதற்கு முன்பே இரு பக்கமும் பெயின்டால் அடையாளமிட்டார். புதிய கிராஸும் கூலியும் சேர்த்து 1,800 ரூபாய். அன்று முதல் 'டக்'கும் இல்லை, 'கிரீச்'சும் இல்லை.

மீன் பெட்டிகளிலிருந்து வடியும் உப்பு நீர் நேராக ஷாஃப்டின் மேல் விழுவதும், இரண்டு பருவமழையும் பெய்யும் நம் ஊர்ச் சேறும்தான் கிரீஸை அரித்துவிடுகின்றன என்றார். மீன் ஏற்றுபவர்கள் பாரம் இறக்கியதும் நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். கிராஸில் கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் சிறு முனை) இருந்தால், மூடி ஓரங்களில் புதுக் கிரீஸ் வெளியே தெரியும்வரை அடிக்கச் சொல்லுங்கள்.

இனி, பணத்தைப் பற்றி. வாடகைக்கு ஓடும் வண்டிக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று அந்தப் பணிமனையில் என்னிடம் சொன்னார்கள். அது முழு உண்மை அன்று. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வணிக நோக்கத்தை விலக்கினாலும், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கமாகக் கொள்வதில்லை. பில் தராமல் இருப்பதை முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாக அதே சட்டம் சேர்த்திருக்கிறது. 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம்.

பேரிங்குக்கான பில், அந்த வெள்ளைத் தாள், கிராஸ் மாற்றிய ரசீது, கழற்றிய பழைய கிராஸ் ஆகியவற்றோடு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையத்தில் முறையிட மனு தயாரித்து வருகிறேன். இதேபோல் வேறு பணிமனைகளில் பாதிக்கப்பட்டவர்கள், கையில் இருக்கும் தாள் எதுவானாலும் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள்.