டேண்டம் சைக்கிள்: பின்னால் உட்காருபவருக்குப் பார்த்து வாங்குங்கள்

முன்னும் பின்னுமாக இருவர் உட்கார்ந்து மிதிக்கும் டேண்டம் வாங்கும்போது பெரும்பாலும் முன்னால் உட்காருபவரின் உயரத்துக்குத்தான் ஃப்ரேம் தேடுகிறார்கள். ஹேண்டில், பிரேக், கியர் எல்லாம் கேப்டனான அவர் கையில்தானே. ஆனால் வாங்கிய வண்டி ஓடுமா, மூலையில் கிடக்குமா என்பது பின்னால் இருக்கும் ஸ்டோக்கரைப் பொறுத்தது. அவருக்குச் சாலை தெரியாது, பிரேக் கிடையாது, கண்ணுக்கு நேரே ஒரு முதுகு. உடம்பு வலித்தால் மறுபடி ஏறமாட்டார்.

இருவரும் நிமிர்ந்து உட்காரும் வழக்கமான டேண்டம், சமதரையில் பறக்கும். இரண்டு பேர் பலம், காற்றை எதிர்ப்பதோ ஏறக்குறைய ஒருவர் அளவுதான். ஏற்றத்தில் அந்த லாபம் போய்விடும். கடைக்கு அளவு நாடாவோடு போய் சீட்டைத் தாங்கும் குழாய்களான இரண்டு சீட்போஸ்ட்டுகளுக்கும் நடுவே அளந்து பாருங்கள். பழைய ஃப்ரேம்களில் 60 முதல் 65 செ.மீ. வரைதான் இருக்கும், குனிந்தால் மூக்கு கேப்டன் முதுகில் இடிக்கும். பெரியவர் ஒருவர் உட்கார 70 செ.மீ.க்கு மேல் வேண்டும். பின் ஹேண்டில் கேப்டனின் சீட்போஸ்ட்டில் மாட்டியிருக்கும். அது அவர் இடுப்பைவிட அகலமாக இல்லையென்றால், அவர் மிதிக்க மிதிக்க ஸ்டோக்கரின் விரல்கள் அவர் தொடையில் உரசிக்கொண்டே இருக்கும்.

ஜெர்மனியின் ஹாசே நிறுவனத்து பினோ என்ற டேண்டம் இந்த அமைப்பை அப்படியே திருப்பிப் போடுகிறது. முன்னவர் சாய்ந்து உட்கார்ந்து கால் நீட்டி மிதிக்கிறார், ஓட்டுபவர் பின்னால். இருவருக்கும் சாலை தெரியும், பேச்சும் காதில் விழும். முன்னவர் மட்டும் மிதிப்பதை நிறுத்தி ஓய்வெடுக்கலாம். உயர வித்தியாசம் பெரிதாக இருந்தால், குழந்தையோ கால் பலம் குறைந்தவரோ உடன் வந்தால், யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். கனமும் விலையும் அதிகம். சாய்ந்து மிதிக்கக் கால்கள் பழகவும் நாளாகும்.

20 அங்குலச் சக்கரம் போட்ட பைக் ஃப்ரைடே, சர்சி ஹீலியோஸ் போன்ற டேண்டம்கள் இந்த இரண்டு வகைக்கும் நடுவே. ஃப்ரேம் தாழ்வு, சீட்டை ஏற்றி இறக்கினால் இன்று மகள், நாளை மனைவி. குண்டும் குழியுமான சாலையில் மட்டும் சின்னச் சக்கரம் இடுப்பை உலுக்கிவிடும்.

ஏறக்குறைய சம உயரத் தம்பதி என்றால் என் ஓட்டு வழக்கமான டேண்டமுக்கே. அதற்குச் சில வேலைகள் உண்டு. கேப்டன் இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி, கால் அகட்டி நின்று பிரேக்கைப் பிடித்துக்கொள்ள முடிய வேண்டும். அப்போதுதான் ஸ்டோக்கர் பயமில்லாமல் ஏறுவார். பின் சீட் ஏறக்குறைய சக்கரத்தின் மேலேயே இருப்பதால், பள்ளத்தின் அடி நேராக முதுகுக்குப் போகும். அங்கே ஸ்பிரிங் வைத்த சீட்போஸ்ட் போடுங்கள். கேப்டனும் “பள்ளம்” என்று முன்கூட்டியே குரல் கொடுக்க வேண்டும். ஸ்டோக்கர் குட்டையானவர் என்றால் அவருக்கு மட்டும் சின்ன கிராங்க், அதாவது பெடல் மாட்டியிருக்கும் கை, போடலாம். இருவர் கால்களும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும், குட்டைக் காலுக்கு நீளக் கிராங்க் முழங்கால் வலியைத்தான் தரும்.

பழைய வண்டி வாங்கினால், இரண்டு கிராங்குகளையும் இணைக்கும் இடப்பக்கச் செயினை விரலால் அழுத்திப் பாருங்கள். தொளதொளவென்று தொங்கினால், முன் கிராங்க் பொருந்தியிருக்கும் உருளையின் திருகைத் தளர்த்தி, அந்த உருளையைத் திருப்பச் சொல்லுங்கள். பல டேண்டம்களில் அதைத் திருப்பித்தான் செயினை இறுக்குவார்கள். துருப்பிடித்து அசையவில்லையென்றால் விலை பேசாமல் அடுத்த வண்டியைப் பாருங்கள்.