இயற்பியலா, நிலவியலா? புவி இயற்பியல் எம்.எஸ்சி.க்கு எந்த பி.எஸ்சி. தோதானது

எம்.எஸ்சி. புவி இயற்பியலுக்குப் பெரும்பாலோர் இரண்டு வாசல் வழியாக வருகிறார்கள்: ஒன்று பி.எஸ்சி. இயற்பியல், மற்றொன்று பி.எஸ்சி. நிலவியல். ப்ளஸ் டூ முடித்த கையோடு ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதி காரக்பூர் அல்லது ரூர்க்கி ஐஐடியில் புவி இயற்பியல் படிப்பில் சேர்வது மூன்றாவது வழி. இடம் கிடைத்தால் தாராளமாகப் போகலாம். அங்கே கணிதம், இயற்பியல், நிலவியல், களப்பயிற்சி எல்லாவற்றையும் அவர்களே வரிசைப்படி அடுக்கித் தந்துவிடுவார்கள். பாடங்களைத் தாமே தேர்ந்து திட்டமிட வேண்டியவர்கள் முதல் இரு வழிக்காரர்கள்தான்.

இரண்டில் இயற்பியல் ஒரு படி மேல் என்பது எங்கள் கருத்து. காரணம், எந்தக் குறையைப் பின்னால் சரிக்கட்ட முடியும் என்பதில் இருக்கிறது. கணிதம் படிக்கட்டு மாதிரி. நுண்கணிதம் தெரியாமல் வெக்டர் நுண்கணிதம் ஏறாது. அது இல்லாமல் லாப்லாஸ் சமன்பாடும் அலைச் சமன்பாடும் புரியாது. ஃபூரியே (அலையை அதிர்வெண்களாகப் பிரிக்கும் முறை), அணிகள், இன்வெர்ஷன் (அளவீட்டிலிருந்து நிலத்தடி அமைப்பைப் பின்னோக்கிக் கணிப்பது) எல்லாம் அதற்கும் மேலே இருப்பவை. ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய ஒரு செமஸ்டர் பிடிக்கும். அடிப்படை நிலவியல் அப்படியல்ல. கனிமவியல், பாறையியல், கட்டமைப்பு நிலவியல், அடுக்கியல் நான்கையும் ஒரே ஆண்டில் சேர்த்தே படித்துவிடலாம். களத்தில் பாறையைப் பார்த்துப் பழகும் கண் மட்டும் புத்தகத்தில் கிடைக்காது.

வேலைவாய்ப்பிலும் ஒரு வித்தியாசம் உண்டு. யுபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வில் புவி இயற்பியலாளர் பதவிக்கு எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவரும் விண்ணப்பிக்கலாம், வெறும் எம்.எஸ்சி. நிலவியல் போதாது. ஆகவே நிலவியலில் தொடங்கியவர் இந்தப் பதவியைக் குறிவைத்தால், முதுகலையில் கட்டாயம் தடம் மாறியாக வேண்டும்.

நிலவியல் மாணவர் சறுக்கும் இடம் முதல் செமஸ்டரிலேயே வரும் சிக்னல் பிராசஸிங், அதாவது பதிவான அலைகளை அலசிச் சுத்தப்படுத்தும் பாடம். ஐஐடி எம்.எஸ்சி.க்கான ஜாம் நுழைவுத் தேர்வின் நிலவியல் தாளில் நல்ல மதிப்பெண் எடுத்து இடம் பிடித்தவரும் இங்கே திணறுவார். ஓர் உதாரணம்: நில அதிர்வுப் பதிவை 4 மில்லி விநாடிக்கு ஒரு மாதிரி என்று எடுத்தால், நொடிக்கு 250 மாதிரிகள். உண்மையாகப் பதிவாகக்கூடிய உச்ச அதிர்வெண் அதில் பாதி, 125 ஹெர்ட்ஸ். மாதிரி எடுப்பதற்கு முன்பே வடிகட்டாமல் விட்டால், 200 ஹெர்ட்ஸ் அலை 50 ஹெர்ட்ஸ் வேடம் போட்டுக்கொண்டு பதிவில் வந்து நிற்கும். நம் ஊர் மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தான். மின்கம்பி இரைச்சல் என்று நினைத்து அந்த இடத்தில் வடிகட்டி போட்டால், அங்கிருக்கும் நல்ல சிக்னலும் சேர்ந்து போய்விடும். ஃபூரியேவைக் கையால் போட்டுப் பார்த்தவருக்கு இந்தக் குழப்பம் வராது.

இயற்பியல் மாணவர் வேறு விதமாகத் தவறுவார். ஈர்ப்பு அளவீட்டில் பூகேர் திருத்தம் செய்ய, அதாவது கடல் மட்டத்துக்கு மேலுள்ள பாறையின் ஈர்ப்பைக் கழிக்க, 0.04193 × அடர்த்தி (கிராம்/க.செ.மீ.) × உயரம் (மீட்டர்) என்ற சூத்திரம் உண்டு. விடை ஈர்ப்பின் அலகான மில்லிகாலில் வரும். அடர்த்திக்கு 2.67 என்று பாடநூலில் இருப்பதை எல்லா ஊருக்கும் அப்படியே போடுவார். தக்காணத்துப் பசால்ட் பாறையின் அடர்த்தி 2.9க்கு அருகில் இருக்கும். 100 மீட்டர் உயரத்துக்குக் கணக்குப் போட்டால் வித்தியாசம் ஏறக்குறைய 1 மில்லிகால். தேடுகிற கனிமத்தின் சமிக்ஞையே பல வேளைகளில் அவ்வளவுதான். மலையின் வடிவமே கனிமம் போல வரைபடத்தில் தெரியும்.

மின்தடை ஆய்வில் இரண்டு படிப்பும் ஒன்றாகத் தேவைப்படும். மேலும் கீழும் மின்தடை அதிகமான பாறை இருக்க, நடுவே மெல்லிய கடத்தும் அடுக்கு இருந்தால், அதன் தடிமனையும் மின்தடைமையையும் தனித்தனியே பிரிக்க முடியாது. 10 மீட்டர் தடிமனில் 20 ஓம்-மீட்டர், 5 மீட்டர் தடிமனில் 10 ஓம்-மீட்டர் இரண்டும் ஏறக்குறைய ஒரே வளைவைத்தான் தரும். இந்தச் சிக்கல் இருப்பதைச் சொல்வது கணிதம். கடலோரத்தில் அந்த அடுக்கு களிமண்ணா, உப்புநீர் ஏறிய மணலா என்று தீர்மானிக்க உள்ளூர் நிலவியலும் கிணற்றுப் பதிவும் வேண்டும்.

இனி பாடத் தேர்வு. நிலவியலில் சேர்பவர் முதலாண்டு அலைடு பாடத்தை எடுக்கும்போதே கவனமாக இருக்க வேண்டும். புவி இயற்பியல் எம்.எஸ்சி.க்குப் பட்டப்படிப்பில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் கேட்கும். ஆந்திரப் பல்கலைக்கழகம், உஸ்மானியா, காசி இந்துப் பல்கலைக்கழகம், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (குசாட்) என்று எங்கே போக எண்ணமோ, அந்தக் கையேட்டின் தகுதிப் பக்கத்தை இப்போதே படியுங்கள். அலைடு முடிந்தபின் மாற்ற வழியில்லை. ப்ளஸ் டூவில் கணிதம் இல்லாத குரூப்பிலிருந்து வந்தவருக்கு இது இரட்டைச் சுமை. அவர் மூன்றாம் செமஸ்டருக்குள் நுண்கணிதத்தை முடிக்காவிட்டால் நிலவியல் எம்.எஸ்சி.யே நல்லது. முடித்தவர் நான்காவதில் வகைக்கெழுச் சமன்பாடுகள், ஐந்தாவதில் பைத்தானில் ஃபூரியே என்று போகலாம்.

இயற்பியல் மாணவர் ஐந்தாம் செமஸ்டரில் கட்டமைப்பு நிலவியலை ஐஐடிகளின் இணையவழிப் பாடத்தளமான என்பிடெல் வழியாக எடுக்கலாம். கல்லூரி முன்கூட்டியே ஒப்புக்கொண்டால்தான் கிரெடிட் ஏறும். முதலில் துறைத்தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். விருப்பப் பாடத்தில் எண்முறைக் கணிப்பு இருந்தால் அதுதான். அணுக்கரு இயற்பியலை வீண் என்று ஒதுக்க வேண்டாம்: ஆழ்துளையில் இறக்கும் காமா கருவி பொட்டாசியம், யுரேனியம், தோரியம் உமிழும் கதிரைத்தான் அளக்கிறது.

களத்துக்குப் பத்து நாளாவது ஒதுக்கியாக வேண்டும். அடுக்குப் பாறைக்கு அரியலூர், காந்தத் தாதுக்குச் சேலம் கஞ்சமலை. கஞ்சமலையில் மேக்னடைட் பாறையின் மேலேயே திசைகாட்டியை வைத்து அடுக்கின் திசையைப் படித்தால் முள் விலகித் தப்பான எண் காட்டும். சில மீட்டர் தள்ளி நின்று பார்வைக் கோட்டில் அளவெடுத்து, அதே கோட்டை எதிர்முனையிலிருந்தும் அளந்து பாருங்கள். இரண்டும் 180 பாகையில் பொருந்தாவிட்டால் இன்னும் தள்ளிப் போக வேண்டும்.